நாலு மணிப் பின்னல்

அந்த வருஷம் தை முதல் பங்குனி வரை எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்திருக்கும், வாத்தியார்கள் தினமும் வந்துகொண்டுதானே இருந்தார்கள். ஆனால் இன்று யோசித்துப் பார்த்தால் கரும்பலகை கண்ணுக்கு வருவதில்லை. மூங்கில் கழிகளைக் கயிறு போட்டு இறுக்கும் சத்தமும், அடுப்பில் கொதிக்கும் மாவுப் பசையின் வாடையும், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டபடி குனிந்தவாறே பின்னுக்கு நகர்ந்து போகும் டிரில் மாஸ்டரின் முதுகும்தான் வருகின்றன.

நாங்கள் பவானிபூரில் இருந்தோம். தலைநகரம் வங்காளத்தை விட்டு டில்லிக்குப் போகாத காலம். அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் அந்தப் பேட்டையில் ஏழெட்டு இருந்தால் அதிகம். என் வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழ்ப் பையன். அதனால் எனக்குப் பெயர் இருந்தும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. வாத்தியார்கள் உட்பட எல்லாருக்கும் நான் மதராஸி; அவர்கள் வாயில் ‘மாட்ராஜி’.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது ஹால் கட்டி முடித்திருந்தார்கள். முன்னால் பலகை மேடை. பின்னால் பெண்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு மூங்கில் தட்டி மறைத்த சிறிய மாடி. ஹெட்மாஸ்டர் பாபு வெயில் மழை பார்க்காமல் குடையை இடுக்கிக்கொண்டு நடக்கும் ஒல்லியான மனிதர். ஹால் இல்லையே, ஹால் இல்லையே என்று பத்து வருஷமாகத் தள்ளிப் போட்டதையெல்லாம் அந்த ஒரே பருவத்தில் நடத்திவிடுவது என்று அவர் தீர்மானித்துவிட்டார். முதலில் ஸரஸ்வதி பூஜை. அது முடிந்த சூட்டோடு மாணவர்கள் செய்த சாமான்களின் கண்காட்சி. பிறகு பழைய மாணவர்களோடு கிரிக்கெட், பரிசளிப்பு விழா, அதில் ஒரு நாடகம், ஓட்டப்பந்தயம். தெருவே பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஜவுளிக் கடைக்காரர் திரைக்குச் சிவப்புத் துணி கொடுத்தார். டாக்டர் பாபு விருந்தாளிகளை அழைத்துவரத் தம் குதிரை வண்டியைக் கொடுத்தார். மிட்டாய்க் கடையிலிருந்து ஒரு மண்சட்டி நிறையச் சந்தேஷ் வந்தது. அது வாத்தியார்கள் அறையைத் தாண்டி வரவில்லை.

நாடகத்தை எழுதியவர் எங்கள் பாஷை வாத்தியார் பண்டித மொஷாய். ஒரு ராஜா தன் மகளைத் தூர தேசத்தில் கட்டிக் கொடுக்கிறார். அவள் படகேறிப் போகிறாள். அங்கே பஞ்சம் வருகிறது. மகளை அழைத்துவர ராஜா படை திரட்டுகிறார். நடுவில் ஒரு கோமாளி வந்து லட்டு தின்கிறான். கடைசியில் எல்லாரும் சமாதானமாகிறார்கள். ராஜா, சேனாபதி, கோமாளி இவர்களுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது. ராஜகுமாரிதான் கிடைக்கவில்லை. ஒருநாள் பண்டித மொஷாய் எங்கள் வகுப்புக்குள் வந்து, சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பெஞ்சாக முகம் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார்.

“மாட்ராஜி, எழுந்திரு. டிகியை அவிழ்.”

டிகி என்றால் குடுமி. வங்காளப் பையன்கள் எல்லாரும் கிராப்பு வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் முன்தலை மழித்துப் பின்னால் குடுமி. அவிழ்த்தால் முதுகு பாதிக்கு விழும். காதில் கடுக்கன் வேறு. அதுவரை அந்த இரண்டும் எனக்குத் தொல்லையைத் தவிர வேறொன்றும் தந்ததில்லை. பின் பெஞ்சுக்காரர்கள் குடுமியைச் சணல் கயிற்றால் பெஞ்சோடு கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பண்டித மொஷாய் என் முடியைக் கையில் தூக்கிப் பார்த்தார். காதைத் திருப்பிப் பார்த்தார்.

“முடி இருக்கிறது. காது குத்தியிருக்கிறது. பேச்சும் நம் பையன்களைவிடத் தெளிவாக இருக்கிறது. முன்தலையில் மட்டும் இரண்டு மாதத்துக்குக் கத்தி படாமல் பார்த்துக்கொள்” என்றார். அவ்வளவுதான், நான் ராஜகுமாரி ஆகிவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் பாபு அப்பாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். அப்பா அதை இரண்டு தரம் படித்தார். இங்கிலீஷ் நன்றாக இருந்ததால் கோபித்துக்கொள்ளவும் அவரால் முடியவில்லை.

“பொம்மனாட்டி வேஷமா? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவா?” என்றார்.

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கே பேசுகிற வழக்கம் கிடையாது. அன்று சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஊர்லேர்ந்து யார் வந்து பாக்கப்போறா? கொழந்தை ஆசைப்படறான்.”

நான் ஆசைப்படவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அப்பா கேட்டார்: “முடி?”

“அதை நான் பாத்துக்கறேன்” என்றாள் அம்மா.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளுக்குப் பதினொரு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனபின்னும் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் சந்திலிருந்த பெண்கள் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு வங்காளி எழுத்து அச்சடித்த மாதிரி வரும், தமிழ் எழுத்துத்தான் தடுமாறும். பதின்மூன்று வயதானதும், முந்தின ஆவணியில், புக்ககத்து மனிதர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஹௌராவில் மெயில் ஏறினால் சென்னைக்கே இரண்டு ராத்திரி; அதற்கப்புறமும் ஒரு ராத்திரி. ஸ்டேஷனுக்கு நானும் அப்பாவும் போனோம். அம்மா மாடியிலிருந்தே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா இருந்தவரை, தினமும் நாலு மணிக்கு அம்மா பின்பக்க வராந்தாவில் பலகை போட்டு உட்கார்ந்து அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். நாங்கள் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிட்ட கீழ்வீட்டு வங்காளி அம்மாள் முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, இன்று எத்தனை கால் பின்னல் என்று கேட்பாள். அக்கா போனபின் நாலு மணிக்கு அம்மாவுக்கு வேலை எதுவும் இல்லாமல் போயிற்று. எனக்குத் தெரிந்த மாறுதல், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டிபன் உடனே கிடைத்தது என்பதுதான்.

நாடகம் முடிவான மறுநாள் நாலு மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது பலகை போட்டிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் எண்ணெய், சீப்பு.

“எதுக்கும்மா? நாடகத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே.”

“பழகாத முடி அன்னிக்கு நிக்காதுடா. உக்காரு.”

உட்கார்ந்தேன். அம்மாவின் விரல்கள் சிக்கெடுத்துக்கொண்டே போகும்போது முதலில் வலித்தது. இரண்டொரு நாளில் தூக்கம் வர ஆரம்பித்தது. முழுவதும் பின்னி, நுனியில் குஞ்சலம் வைத்துக் கட்டி, தோளைப் பிடித்துத் திருப்பி முன்னும் பின்னும் பார்ப்பாள். அப்புறம் அவளே அவிழ்த்துக் குடுமியாக முடிந்து அனுப்பிவிடுவாள். கால் மணி நேரம் பின்னி, ஒரு நிமிஷத்தில் அவிழ்ப்பது எனக்கு வீண்வேலையாகப் பட்டது. மைதானத்தில் பையன்கள் காத்திருப்பார்கள்.

பின்னும்போது அம்மா பேசமாட்டாள், கேட்பாள். “இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தா?”

நான் வங்காளியில் வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்வேன். பதினைந்து வருஷம் அங்கே இருந்தும் அம்மாவுக்குக் காய்கறி வாங்கும் அளவுக்கு மேல் அந்தப் பாஷை வரவில்லை.

“தமிழ்ல சொல்லு.”

“‘அம்மா, ஆத்துல தண்ணி இருக்கறச்சயே என்னைக் கூப்பிட்டு அனுப்பு. வத்திடுத்துன்னா படகு வராது.’ படகுல ஏறறதுக்கு முன்னாடி ராஜகுமாரி அவ அம்மாகிட்ட சொல்றா.”

பின்னல் நின்றது. “அதுக்கு அவ அம்மா என்ன சொல்றா?”

“ஒண்ணும் சொல்லலை, அழறா. கேஷ்டோதாவுக்கு வசனம் மனப்பாடம் ஆகலை. அதனால அழுதாப் போறும்னு பண்டித மொஷாய் சொல்லிட்டார்.”

ராணியாக நடித்த கேஷ்டோதா எட்டாம் வகுப்பில் இரண்டாவது வருஷம் இருந்தான். அரும்பு மீசை. நல்ல ஆகிருதி. நாடகத்துக்காக மீசையை எடுத்துவிட வேண்டும் என்றபோது, ராஜா வேஷக்காரனைவிடத் தனக்குத்தான் மீசை நன்றாக வந்திருக்கிறது என்று மூன்று நாள் வாதாடினான். ஆனால் அவனைப் போல் நல்லவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. என் குடுமியில் யாராவது கைவைத்தால் முதலில் எழுந்து வருகிறவன் அவன்தான்.

ஸரஸ்வதி பூஜை வந்தது. நாங்கள் மேல்வகுப்புப் பையன்களோடு போய்க் காளிகாட் பக்கத்திலிருந்து மண்சிலையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் அதன் வீணை உடைந்துவிடாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்று சந்திலிருந்த பெண் குழந்தைகள் எல்லாரும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்து பூப்போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்து கார்டு வந்தது. மாதம் ஒரு கார்டு வரும்; அக்காவின் மாமனார் எழுதுவார்; ‘குழந்தை சௌக்கியம்’ என்று அக்காவைக் குறித்து முடியும். இந்தத் தடவை விலாசத்துக்குப் பக்கத்தில், ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி வங்காளியில் ஒரு வரி இருந்தது. அப்பா தேசலாக இருக்கிறதென்று என்னிடம் கொடுத்தார்.

“இந்த வருஷம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு யார் யார் வந்தார்கள்?” என்று படித்தேன்.

அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். பதில் எழுத வேண்டுமே என்று, வந்தவர்கள் பெயரையெல்லாம் நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பரிசளிப்பு விழா. பெண்கள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் அந்திக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் பாபு உத்தரவு போட்டிருந்தார். காலையிலேயே அம்மா பெட்டியைத் திறந்து அக்காவின் அரக்குப் பட்டுச் சிற்றாடையை எடுத்தாள். வளர்ந்துவிட்டதால் இனிமேல் உதவாது என்று அக்கா விட்டுப் போனது. கடுக்கனைக் கழற்றி ஜிமிக்கி போட்டாள். இரண்டு மாத முன்தலை முடியைப் படிய வாரி, அடர்த்தி போதாத இடத்தைச் சுட்டியால் மறைத்தாள். மை தீட்டும்போது அவள் முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்ததால் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா அதுவரை கோவிலுக்கும் தமிழ்க்காரர் வீட்டு விசேஷங்களுக்கும் தவிர வெளியே போனதில்லை. அன்று மாஷிமா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து மாடியில் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தாள்.

நாடகம் நன்றாகவே போயிற்று. கோமாளியின் லட்டை விழாத் தலைவரின் பேரன் மேடையேறிப் பிடுங்கிக்கொண்டதைத் தவிர மற்றக் காட்சிகளில் விபத்து இல்லை. ஆற்றங்கரைக் காட்சியில்தான் வந்தது. கேஷ்டோதாவுக்கு அழுகை வராதோ என்ற பயத்தில் யாரோ அவன் முந்தானையில் மிளகுப் பொடியை முடிந்துவிட்டிருந்தார்கள். அவன் முந்தானையால் கண்ணைத் துடைத்தான்; உடனே ஏழெட்டுத் தும்மல் தும்மினான். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் என் வசனத்தைச் சொன்னேன். “அம்மா, ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே…” சிரிப்பு அடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கேஷ்டோதாவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நிஜமாகவே நீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் படகில் ஏறினேன்.

அந்தப் படகு சக்கரம் வைத்த பலகை. உள்ளேயிருந்து கயிற்றால் இழுப்பார்கள். இழுத்தார்கள், கயிறு எங்கேயோ சிக்கிக்கொண்டது. படகு நகரவில்லை. பண்டித மொஷாய் திரைக்குப் பின்னாலிருந்து, “இழு, இழு” என்று அடிக்குரலில் சொல்வது எனக்குக் கேட்டது. போக வேண்டிய ராஜகுமாரி போகாமல் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். தட்டிக்குப் பின்னால் யாரும் தெரியவில்லை. கடைசியில் திரையை இறக்கிவிட்டார்கள். இறக்கிய பிறகும் கைதட்டல் நிற்கவில்லை.

நாடகம் முடிந்து வேஷத்தைக் கலைக்கப் போனவனை மாஷிமா வந்து தடுத்தாள். “அப்படியே வா, குழந்தை. அம்மா காத்திருக்கிறாள்.” பிறகு தன் முன்கையைக் காட்டினாள். சங்கு வளையல் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது. “நாடகம் முழுக்க இந்தக் கையை உன் அம்மா விடவில்லை” என்றாள். அம்மாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம் என்று நான் மாஷிமாவுக்கு எடுத்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கோலத்திலேயே என்னை உட்கார வைத்து இலை போட்டாள். நான் கை அலம்பிக்கொண்டு சட்டை மாற்றிக்கொள்கிறேன் என்றேன். “சாப்டுட்டு மாத்திக்கலாம்” என்றாள். எதிரே உட்கார்ந்துகொண்டு, வெகுதூரத்திலிருந்து வந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி, கேட்டுக் கேட்டுப் போட்டாள். கூடத்துக்குள் வந்த அப்பா வாசற்படியில் நின்று பார்த்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“அந்தப் படகு ஏன் நகரலை?” என்று கேட்டாள் அம்மா.

“கயிறு சிக்கிண்டுடுத்து. அடுத்த தடவை சரியாப் போகும்மா.”

“சிக்கிண்டா என்ன? பாதகமில்லை” என்றாள்.

அடுத்த தடவை என்று ஒன்று இருந்தது. மாடியில் இடம் போதாமல் பேட்டைப் பெண்கள் பாதிப்பேர் திரும்பிப் போய்விட்டதால், பங்குனி முதல் வாரத்தில் பெண்களுக்காகவே ஹால் முழுவதையும் ஒதுக்கி இன்னொரு முறை நாடகம் போடுவது என்று முடிவாகியிருந்தது. அம்மா கீழே உட்கார்ந்து நேராகப் பார்க்கலாம். அவள் பழைய குஞ்சலத்தைப் பிரித்துவிட்டுக் கறுப்புப் பட்டு நூலில் புதிதாக ஒன்று கட்ட ஆரம்பித்தாள். நாலு மணிப் பின்னல் நிற்கவில்லை. பின்னியதை உடனே அவிழ்ப்பது மட்டும் நின்றுபோயிற்று. விளக்கேற்றும் வரை அப்படியே இருக்கட்டும் என்பாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. மாட்ராஜி போய் ராஜகுமாரி. தண்ணீர்த் தொட்டியில், படிக்கட்டில், எங்கே போனாலும் அந்தப் பெயர். முதலில் அதில் எனக்குப் பெருமையும் இல்லாமல் இல்லை. ஓட்டப்பந்தயத்தன்று அது மாறியது. நூறு கஜ ஓட்டத்தில் நான் கடைசி இருபது கஜத்தில் மூன்று பேரைத் தாண்டினேன். அப்போது குடுமி அவிழ்ந்து முடி முதுகில் பறந்தது. மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும், “ராஜகுமாரி, ராஜகுமாரி” என்று கத்தினார்கள். இரண்டாவதாக வந்தேன். பரிசு கொடுத்த பெரியவருக்குப் பார்வை மங்கல். என் முகத்தையும் முடியையும் பார்த்துவிட்டு, “நன்றாக ஓடினாய், மா” என்றார். சிறுபெண்களைத்தான் அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள். ஹெட்மாஸ்டர் பாபுகூடக் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் கேஷ்டோதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காளிகாட் போகிற வழியில் மரத்தடியில் கண்ணாடி மாட்டி உட்கார்ந்திருக்கும் பீகாரி நாவிதரிடம் போனேன்.

“எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இவன் தலை மாதிரி ஆக்கிவிடுங்கள்” என்று கேஷ்டோதாவின் தலையைக் காட்டினேன்.

அவர் என் முடியைக் கையில் பிடித்து எடை பார்க்கிறவர் போல் தூக்கினார். “வீட்டில் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

கேஷ்டோதா என்னைப் பார்த்தான். “நாடகம் இன்னொரு தடவை இருக்கிறதே” என்றான். அதற்குள் கத்தரி ஓடிவிட்டது. கழுத்தில் காற்றுப் பட்டபோது எனக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. வீடு வரை ஓடியே வந்தேன்.

நாலு மணி. அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் குஞ்சலம் முடிந்திருக்க வேண்டும், மடியில் இருந்தது. என்னைப் பார்த்தாள். சீப்பைக் கையில் எடுத்திருந்தவள் அதைக் கீழே வைக்கவில்லை.

“யார் வெட்டினா?”

“மரத்தடி நாவிதன். காளிகாட் போற வழியில இருக்கானே, அவன்.”

“வெட்டினதை என்ன பண்ணினான்?”

“பெருக்கித் தள்ளிட்டான்.”

“சரி. கால் அலம்பிண்டு வா. டிபன் ஆறிப்போறது.”

அப்பாதான் கத்தினார். வைகாசியில் எனக்குப் பூணூல் போடுவதாக இருந்தது. “குடுமிக்கு எங்கேடா போறது? கிராப்புத் தலையோட மணையில உக்காருவியா?” என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா எப்போதும் போல் பேசினாள். ஆனால் நாலு மணிக்கு வராந்தாவுக்கு வருவதில்லை, உள்ளே ஏதாவது வேலை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் பூணூல் கவலைதான் என்று எடுத்துக்கொண்டேன். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன்.

“வைகாசிக்குள்ள வளந்துடும்மா.”

“வளரும்” என்றாள், அரிசியில் கல் பொறுக்கியபடி.

பெண்களுக்கான நாடகத்தில் சணலில் சாயம் தோய்த்துச் செய்த பொய்முடியை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ராஜகுமாரியாக நடித்தான். மாஷிமா வந்து கூப்பிட்டாள். அம்மா தலைவலி என்று சொல்லிவிட்டாள். நான் உள்ளே கயிறு இழுக்கிறவர்களோடு நின்றேன். வீட்டுக்கு ஓடிவந்து முதல் காரியமாக அவளிடம் சொன்னேன்: “இந்தத் தடவை படகு சரியாப் போயிடுத்தும்மா.” நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அக்கா பவானிபூருக்கு மறுபடி வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு. உடம்பு பருத்து, குரல் மாறி, வங்காளி பாதி மறந்து வந்தாள். முதல் நாள் நாலு மணிக்கு அம்மா பலகையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அக்கா கையாலேயே முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டபடி, “கொழந்தை எழுந்துடுவான்மா, நாழியாறது” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். ஆனால் அது பின்னால் நடந்த கதை. நான் சொல்ல வந்தது அந்தப் பருவத்தின் கடைசி நாளைப் பற்றி.

அன்று பள்ளிக்கூடம் முழுவதையும் சேர்த்துப் படம் எடுக்க ஹெட்மாஸ்டர் பாபு ஏற்பாடு செய்திருந்தார். பெரிய முக்காலியும் கறுப்புத் துணியுமாகப் படக்காரர் வந்தார். புது ஹாலின் முன்னால் வெயிலில் நாலு வரிசை. நாற்காலியில் வாத்தியார்கள், தரையில் சம்மணமிட்டுச் சின்ன வகுப்புகள். பண்டித மொஷாய் தம் நாடகக் கையெழுத்துப் பிரதியை மார்பில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீசை திரும்ப அரும்பியிருந்த கேஷ்டோதா அது நன்றாக விழ வேண்டும் என்று தாடையைத் தூக்கிக்கொண்டான். மேடைக்குப் பசை காய்ச்சிய காவல்காரரையும் ஹெட்மாஸ்டர் பாபு கூப்பிட்டு ஓரத்தில் நிற்க வைத்தார். மூச்சுகூட விடக்கூடாது என்று படக்காரர் சொன்னார். இத்தனை பேர் ஒரே சமயத்தில் அசையாமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று மாதச் சத்தமும் ஓய்ந்து, எங்கேயோ டிராம் மணி மட்டும் கேட்டது. இப்போதும் அந்த நிமிஷத்துக்குள் திரும்பிப் போக முடியுமானால், யார் தோளையும் இடிக்காமல் என் இடத்தில் போய் நின்றுகொள்வேன்.

பத்து நாள் கழித்து ஒரு பிரதியை ஒருநாள் மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு அனுமதி கிடைத்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஜன்னலண்டை போய்ப் பார்த்தாள். வரிசை வரிசையாக விரலை வைத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசையில் கிராப்புத் தலையோடு நின்ற என்னைக் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நாடகத்தன்னிக்கு எடுக்கலையாடா?” என்று கேட்டாள்.

“அன்னிக்குப் படக்காரர் வரலை. வந்திருந்தாலும் ஹாலுக்குள்ள எடுக்க முடியாதும்மா. வெளிச்சம் பத்தாது. வெயில்ல நின்னாத்தான் விழும்.”

“வெயில்ல நின்னிருந்தா விழுந்திருக்குமா?”

“விழுந்திருக்கும்.”

“அன்னிக்கு வாசல்ல நன்னா வெயில் அடிச்சுதே.”

“அடிச்சுது” என்றேன். பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு இருப்பதையும், அதில் உருவம் தலைகீழாக விழும் என்பதையும், கறுப்பாக இருப்பது வெளுப்பாகத் தெரியும் என்பதையும் விளக்கினேன். அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். ஒரு தடவை விழுந்துவிட்டால் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டாள். எத்தனை வருஷமானாலும் இருக்கும், அழியாது என்று படக்காரர் சொன்னதைச் சொன்னேன். நின்றவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

போட்டோ பிடிக்கும் விஷயத்தில் அம்மாவுக்கு இத்தனை ஆர்வம் இருக்குமென்று எனக்கு அதுவரை தெரியாது. மறுநாள் கேஷ்டோதாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.